எங்கள் அலைவரிசைக்கு வந்த கார் டெலிபோன்

சுங்காய் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் ரோட்டின், எங்கள் பேச்சில் சடக்கின், கடைசியில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே ஆஸ்பத்திரி என்று எல்லாரும் சொல்லும் ஒரு சின்னக் கட்டடத்தில் நான் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஊசி கொதிக்க வைக்கும் அடுப்பு, வெளியே ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். அம்மா பால் வெட்டினாள். தாப்பா டவுன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் வரை படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, "புண்ணுக்குக் கட்டுப் போடக் கத்துக்கிறியா?" என்று டிரசர் ஐயா கூப்பிட்டுக்கொண்டார். ஊசி போடுகிறவரை, மருந்து கொடுக்கிறவரை, தோட்டங்களில் டிரசர் என்றுதான் சொல்வோம்.

கட்டுப் போடுவது, மாத்திரை எண்ணிக் கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து ஊற்றுவது எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது ரேடியோ செட்டுதான்.

அது சாம்பல் நிறத்தில், பிஸ்கட் டின் அளவில், மூலை மேசை மேல் உட்கார்ந்திருக்கும். சுருள் கம்பியோடு ஒரு மைக். மைக்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் நான் பேசலாம். பொத்தானை விட்டால்தான் மறுபக்கம் பேசுவது கேட்கும். வெள்ளைக்காரக் கம்பெனி காலத்தில் வாங்கியது. அந்தக் கம்பெனிக்கு அந்த வட்டாரத்தில் பல தோட்டங்கள் இருந்தன; தாப்பா பக்கம் எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே டாக்டரும் இருந்தார், நோயாளி ஏற்றும் வேனும் இருந்தது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை நான் செட்டில் கூப்பிட்டு, எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, யாரையாவது அனுப்ப வேண்டுமா என்று சொல்வேன். அந்தப் பக்கம் இருக்கும் ஆபரேட்டர் அண்ணன் டாக்டரிடம் கேட்டுப் பதில் சொல்வார். எங்கள் தோட்டத்துக்கு ஒரு காலத்தில் டெலிபோன் கம்பி இருந்ததாம். கம்பங்களைக் கறையான் தின்றது, கம்பியை எவனோ அறுத்துக்கொண்டு போனான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது செட்டுதான் எங்களுக்கு வாய்.

எண்பதுகளின் நடுவில் கம்பெனி கை மாறியது. பால் மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். ஆட்கள் குறைந்தார்கள். டிரசர் ஐயாவுக்கு இரண்டு தோட்டம் என்று ஆக்கிவிட்டதால் அவர் காலையில் மட்டும் வருவார். மத்தியானத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான்.

ஒரு சாயங்காலம், வழக்கம் போல அன்றைய கணக்கைச் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டேன். ஆபரேட்டர் அண்ணன் குரலுக்குப் பதில் ஒரு சீனப் பொம்பளை குரல் வந்தது.

"வெய்! சேக் சோ ஃபான் மே ஆ?"

சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். சுங்காய்க் கடைகளில் அடிக்கடி கேட்டுக் கேட்டு அந்த அளவு கண்டனீஸ் எனக்கும் தெரியும். நான் திகைத்துப் போய் மைக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கொஞ்சம் நிறுத்தினாள், யாருடைய பதிலையோ கேட்பது போல. பிறகு சிரித்தாள். பிறகு திட்டினாள். பின்னால் டங் டங்கென்று இரும்பு அடிக்கும் சத்தம்.

கைக்குக் கட்டுப் போட வந்திருந்த கங்காணி, எங்கள் மண்டோர், பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னா புள்ள, செட்டுல பேய் பூந்துருச்சா?"

"சோறு தின்னாச்சான்னு கேக்குதுண்ணே."

"அப்ப பேய் இல்லலா," என்றார் மண்டோர். "பேய்க்கு எதுக்குச் சோறு?"

அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். சில நாள் அவள் குரல், சில நாள் வேறு யாரோ ஆண் குரல், மலாயில், ஹொக்கியன் சீனத்தில். எல்லாம் பாதிப் பேச்சு. ஒருவர் பேசுவது மட்டும் கேட்கும், மற்றவர் பேசுவது கேட்காது. இதில் சிரமம் என்னவென்றால், அவர்கள் பேசும்போது ஆபரேட்டர் அண்ணன் குரல் அடியோடு அமுங்கிவிடும். கரகரவென்றுகூட வராது. இந்த மாதிரி செட்டில் இரண்டு குரல் ஒன்றாகக் கேட்காது. பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும். ஒரு பிள்ளைக்கு மருந்தின் அளவைக் கேட்டு, பாதி பதில் வந்து, மீதிப் பதிலில் சீன அக்கா யாரையோ வைதுகொண்டிருந்தாள். நான் பொத்தானை அழுத்தித் தமிழிலேயே கத்தினேன்: "ஏய், யாரு அது, கொஞ்சம் நிறுத்தும்மா! இங்க புள்ளைக்கு மருந்து கொடுக்கணும்!" அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு வேன் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. கூரை மேல் முள் முள்ளாக ஏரியல். என்னைவிடச் சில வயது மூத்த ஒருவர் இறங்கினார். செமோர்க்காரர், ஈப்போவில் ரேடியோ செட் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை என்றார். பெஞ்சில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நேரே மூலை மேசையைப் பார்த்தார்.

"அக்கா, நாலு மணிக்கு இதுல பேசுறது நீங்கதானா?"

"ஆமா. ஏன்?"

"அன்னைக்கு நிறுத்தும்மான்னு கத்துனது?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அது எப்படிண்ணே உங்களுக்குத் தெரியும்?"

"அந்தக் காருக்காரரு எங்க கம்பெனியில வந்து புகார் பண்ணிட்டாரு. யாரோ ஒரு தமிழ்ப் பொம்பள தன்கூடச் சண்ட போடுதாம். கம்பெனியில நான் ஒருத்தந்தான் தமிழாளு. போய்த் தேடுன்னு அனுப்பிட்டாங்க."

காருக்காரர் என்றால் யார், காரில் உட்கார்ந்து பேசினால் எனக்கு எப்படிக் கேட்கும் என்று ஒன்றும் புரியவில்லை. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். காரில் வைத்துப் பேசும் டெலிபோன் நாட்டுக்கு வந்துவிட்டது. கம்பி கிடையாது. மலை மேல் ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள். காரிலிருந்து அங்கே அலை போகும், அங்கிருந்து வீட்டு டெலிபோனுக்குப் போகும். விலை அதிகம், சீன முதலாளிகளான தவுக்கேமார்கள்தான் வாங்குகிறார்கள். புகார் செய்தவர் ஈப்போவில் டயர்க்கடை வைத்திருக்கும் தவுக்கே. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளுக்கு டயர் விற்க சுங்காய், பீடோர் என்று தினமும் சுற்றுகிறவர்.

"அப்ப அந்தச் சீன அக்கா?"

"அவரு வீட்டம்மா. கடையில இருந்து பேசுவாங்க."

இரும்புச் சத்தம் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. டயர் கழற்றுகிற சத்தம்.

"இதுல ஒண்ணு கவனிங்க அக்கா," என்று அவர் மேசை மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "அந்த டெலிபோனுக்கு ரெண்டு பாத. காருல இருந்து மலைக்கு ஏறிப் போறதுக்கு ஒண்ணு, மலையில இருந்து காருக்கு எறங்கி வாரதுக்கு ஒண்ணு. உங்க பழைய செட்டு அந்த எறங்கி வார பாதையில நிக்குது. அதனால வீட்டம்மா பேசுறது காருக்கும் போவுது, உங்க செட்டுலயும் விழுது. நீங்க பேசுறது பக்கத்துல வார காருல விழுது. ஆனா தவுக்கே பேசுறது மேல போற பாதை, அத நீங்க கேக்க முடியாது. நீங்க பேசுறது வீட்டம்மாவுக்கும் போவாது."

"அப்ப அந்தம்மாவ நான் கேக்குறேன். அவங்க புருசன் என்னக் கேக்குறாரு. அந்தம்மா என்னக் கேக்கல, நான் அவரக் கேக்கல."

"அதேதான்."

"சரிண்ணே. இப்ப என்னா செய்யணும்?"

அவர் செட்டின் மேல் கையை வைத்தார். பிறகு மெதுவாக, "இத நிறுத்தணும் அக்கா. இந்த அலை இப்ப கார் டெலிபோனுக்குக் கொடுத்தாச்சு," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் விருந்தாளி என்பதுகூட மறந்துவிட்டது. "நாங்கதானே மொதல்ல இருந்தோம்? நேத்து வந்தவங்களுக்காக நாங்க வாய மூடணுமா?"

"காத்துக்கு ஏது பட்டா? காகிதந்தான். கம்பெனி கை மாறினப்ப உங்க லைசென்ச யாரும் புதுப்பிக்கல. காகிதப்படி நீங்க இங்க இல்லவே இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. நான் அழப்போகிறேன் என்று பயந்தாரோ என்னவோ, டீ குடிக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் செம்பனை முள் காலில் ஏறிய ஓர் ஆளைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். அவரைக் கவனித்துக்கொண்டிருந்தபோதே இருமும் பிள்ளையோடு ஒரு தாய் வந்தாள். நான் முள்ளை எடுத்தேன், பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன், செட்டில் ஆபரேட்டர் அண்ணனைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையை நாளை வேனில் அனுப்பலாமா என்று கேட்டேன். யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை, அன்றைய வேலையே அதுதான். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "இந்த செட்ட வேற அலைக்கு மாத்தலாம்," என்றார். "உள்ள கிரிஸ்டல்னு ஒரு சின்னச் சாமான் இருக்கு, அத மாத்தணும். வெளிநாட்டுல இருந்து வரணும், மாசக்கணக்கா ஆவும். வேற அலையும் கேட்டு வாங்கணும். உங்க தொரைகிட்டப் பேசிப் பாருங்க. நானும் மேல கேட்டுப் பாக்குறேன்."

துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அந்தக் காலத்து மேனேஜர் நம் நாட்டு ஆள்தான், பெயர் மட்டும் துரை. அவரிடம் போய் நின்றேன். "தோட்டத்தையே விக்கப் போறாங்க, நீ செட்டுக்குச் சாமான் கேக்குற," என்று சிரித்தார். டிரசர் ஐயாவும் பேசிப் பார்த்தார். கடைசியில், சாமானுக்குக் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் வரும்வரை செட்டை நிறுத்தச் சொன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று முடித்துவிட்டார்.

செமோர் அண்ணன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அடுத்த முறை வரும்போது கூடவே ரேடியோ அலைகளைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க அதிகாரி ஒருவரையும் கூட்டிவந்தார். மலாய்க்காரர், வாலிபர், வெள்ளைச் சட்டை முழுக்க செம்மண் புழுதி. என்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு நாற்காலி போட்டேன். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். எப்போது பேசுவேன், எவ்வளவு நேரம் பேசுவேன், அவசரம் என்றால் என்ன செய்வேன் என்று கேட்டார். நான் மலாயில் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். பிறகு செமோர் அண்ணனைப் பார்த்து ஒரே சொல் சொன்னார்: "கொங்சி."

கொங்சி என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பங்கு போட்டுக்கொள்வது. சீனச் சொல், மலாய்க்காரரும் சொல்வார், நாங்களும் சொல்வோம். கிரிஸ்டல் வரும்வரை காலையிலும் நாலு மணிக்கும் கொஞ்ச நேரம் அந்த ஒரு அலைவரிசையை மலை மேல் மூடி வைப்பார்கள்; அந்த நேரம் எங்களுக்கு. மற்ற நேரம் கார்களுக்கு. "மத்த நேரத்துல உயிர் போற அவசரம்னா?" என்று கேட்டேன். அதிகாரி என்னை நேராகப் பார்த்து, உயிர் போகிற அவசரம் என்றால் யாரையும் கேட்காதே, பேசு என்றார்.

அதன் பிறகு நாலு மணி அடித்தால் சீன அக்கா குரல் வராது. ஆபரேட்டர் அண்ணன் குரல் தெளிவாக வரும். என் நேரம் முடிந்த கொஞ்ச நேரத்தில், சொல்லி வைத்தது போல, "வெய்!" என்று அவள் வந்துவிடுவாள். பெரிய ஆஸ்பத்திரி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்பதால் செட்டை அணைக்க முடியாது. சத்தத்தைக் குறைத்து வைப்பேன். ஆனாலும் காதில் விழும். அடுத்தவர் பேச்சைக் கேட்பது தப்பு என்று தெரியும். பாஷையும் பாதிக்கு மேல் புரியாது. இருந்தாலும் ஒரு குரலை தினமும் கேட்டால் மனுஷி பழகிவிடுகிறாள். காலையில் வியாபாரம் நன்றாக இருந்ததா இல்லையா என்று அந்த "வெய்"யிலேயே தெரியும். அவர் சாப்பிடவில்லை என்று சொன்னாரென்றால் அவள் குரல் ஒரு படி ஏறும். ஒருநாள் நீண்ட நேரம் ஒன்றுமே பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். அன்றைக்கு ஏனோ எனக்கும் மனசு சரியில்லை. வீட்டில் அம்மா, "ஒனக்கென்னா ஆச்சு?" என்றாள். டயர்க்கடை அக்காவுக்கும் புருஷனுக்கும் சண்டை என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பிரசவம் நடந்தது ஒரு மத்தியானம். லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டு மருமகள், தலைப்பிரசவம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். வலி எடுத்து, ஆள் அனுப்பி, நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, நல்ல அழுகை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பாயைப் பார்த்தேன். இரத்தம் நிற்கவில்லை.

டிரசர் ஐயா மற்றத் தோட்டத்தில். அப்பா லாரியை எடுத்துக்கொண்டு ஈப்போ போயிருந்தார். துரையின் ஜீப்பையும் காணோம். ஒரு கதவைக் கழற்றிப் பலகையாக்கி அவளை அதில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம். கால்களை உயர்த்தி வைத்தேன். குழந்தையை அவள் மார்பில் போட்டேன். அடிவயிற்றை எப்படி அழுத்திப் பிசைய வேண்டும் என்று அவள் மாமியாருக்குக் காட்டிவிட்டு, "கைய எடுக்காதீங்க அத்தை," என்று சொல்லி, செட்டுக்கு ஓடினேன்.

பொத்தானை அழுத்தினேன். கூப்பிட்டேன். விட்டேன்.

சீன அக்கா பேசிக்கொண்டிருந்தாள். சாவகாசமாக, சிரித்துச் சிரித்து.

மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் அவள்தான். தாப்பாவில் ஆபரேட்டர் அண்ணன் காதிலும் மலையிலிருந்து வரும் அவள் குரல்தான் விழும், என் குரல் அடியில் அமுங்கிப்போகும் என்று தெரிந்தது. உள்ளே அந்தப் பெண், "தண்ணி, தண்ணி," என்று முனகுவது கேட்டது. அப்போது செமோர் அண்ணன் மேசையில் போட்ட கோடு நினைவுக்கு வந்தது. ஆபரேட்டர் அண்ணனுக்குக் கேட்காது. சீன அக்காவுக்கும் கேட்காது. ஆனால் அவள் புருஷனுக்குக் கேட்கும், கார் பக்கத்தில் எங்காவது இருந்தால்.

பொத்தானை அழுத்தி மலாயில் உதவி கேட்டேன். "தவுக்கே, தோலோங்! தவுக்கே, தோலோங்! இது எஸ்டேட் ஆஸ்பத்திரி. பிள்ளை பெற்ற பொம்பளைக்கு இரத்தம் நிற்கவில்லை. தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லுங்கள். தோலோங்!"

விட்டேன்.

அவள் பேச்சு பாதியில் நின்றிருந்தது. "வெய்? வெய்?" என்றாள். அவர் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கேட்டதெல்லாம் டயர்க்கடை இரும்புச் சத்தம்தான். பிறகு அவள் கண்டனீஸில் யாரையோ அதட்டினாள். இரும்புச் சத்தம் சட்டென்று நின்றது.

"எஸ்டேட்," என்றாள். மலாயில். எனக்காக. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, செவிடருக்குச் சொல்வது போல. "எஸ்டேட், என் புருஷன் நீ சொன்னதைக் கேட்டார். எனக்கு நீ பேசுவது கேட்காது. அவர் கேட்டு எனக்குச் சொல்வார். எந்த எஸ்டேட்? சொல்லு."

மலாயில் புருஷனுக்குச் சுவாமி என்று பெயர். அவள் "என் சுவாமி கேட்டார்" என்றபோது எனக்கு ஒரு கணம் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், சுங்காயிலிருந்து எந்தத் திருப்பம் என்று சொன்னேன், பெயர்ப் பலகையைக் கம்பெனி மாறியபோது பிடுங்கிவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள்.

"சரியா?" என்றாள்.

"சரி, சரி!" என்று மைக்கில் சொன்னேன். அது அவருக்குப் போய், அவரிடமிருந்து அவளுக்குப் போனது.

"துங்கு," என்றாள். இரு என்று.

கையிலிருந்த போனை அவள் மேசை மேல் வைத்தது கேட்டது. அவள் துண்டிக்கவில்லை; துண்டித்திருந்தால் எனக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. கடையில் இன்னொரு போன் இருந்திருக்கிறது. அதில் அவள் எண்ணைச் சுழற்றும் கரகர சத்தம் என் செட்டில் கேட்டது. ஆஸ்பத்திரி எடுத்தது. யாரோ கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள் போல, அவள் பொறுமையாக நாலைந்து பதில் சொல்லிவிட்டு, அப்புறம் தாங்காமல் கத்தினாள்: "நான் யாராக இருந்தால் உனக்கென்ன? ஒரு பொம்பளை செத்துக்கொண்டிருக்கிறாள், முதலில் வண்டியை அனுப்பு!"

அத்தனை மாதமும் தன் புருஷனைத் திட்டிய அதே குரல்.

திரும்ப இந்தப் போனுக்கு வந்தாள். "எஸ்டேட், வண்டி கிளம்பிவிட்டது. நீ போய் அவளைப் பார்."

நான் நன்றி சொன்னேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. உள்ளே ஓடினேன். மாமியார் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். அந்த இடத்தில் என் கையை வைத்தேன். பிசையப் பிசைய, கைக்கடியில் வயிறு மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டது. இரத்தம் குறைந்தது, ஆனால் முழுக்க நிற்கவில்லை. அவள் உதடு வெள்ளையாக இருந்தது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பாய், யார் சாயல், மூக்கு யாருடையது என்று.

ஆம்புலன்ஸ் நான் பயந்ததைவிடச் சீக்கிரமே வந்தது. பலகை இல்லாத திருப்பத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எங்கள் தோட்டத்துக்குப் புதிதான டிரைவரைக் கேட்டேன். "அங்க ஒரு சீன ஆளு நடுச் சடக்குல நின்னு ரெண்டு கையும் வீசிக்கிட்டு இருந்தாரு," என்றார். "கார குறுக்கால போட்டு வச்சிருந்தாரு. அவரத் தாண்டி எங்க போறது?"

அந்தப் பெண் பிழைத்தாள். இரத்தம் ஏற்றி, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளையையும் அவளோடேயே வைத்திருந்தார்கள்.

கிரிஸ்டல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. செமோர் அண்ணன் வந்து செட்டைத் திறந்து, நகத்தளவு இருந்த இரண்டு சாமானைக் கழற்றி வேறு இரண்டைச் சொருகினார். ஆபரேட்டர் அண்ணன் பக்கமும் அப்படியே மாற்றியிருந்தார்கள். "இனி ஒங்க வீட்டுக்குத் தனி வாசல் அக்கா," என்றார். நாலு மணிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் பேசலாம். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் அன்று சாயங்காலம் வேலை முடிந்து மேசையைத் துடைக்கும்போது செட்டில் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாறிப் போன மாதிரி இருந்தது.

தோட்டத்து லாரிக்கு டயர் வாங்க அப்பா ஈப்போவுக்குக் கிளம்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன். எந்தக் கடை என்று சொல்லவே வேண்டியதில்லை, அப்பா நேரே அந்தத் தவுக்கே கடைக்குத்தான் போனார். நான் மனசுக்குள் சீன அக்காவைப் பருமனாக, உரத்த குரலுக்கு ஏற்ற உடம்போடு நினைத்து வைத்திருந்தேன். கல்லாவில் இருந்தவள் ஒல்லி. கண்ணாடி, குட்டை முடி, விரல் நுனியெல்லாம் டயர்க் கறுப்பு. வேறு யாராவது இருப்பார்களோ என்று தயங்கி நின்றேன். போன் அடித்தது. எடுத்து, "வெய்!" என்றாள்.

அவள் வைக்கும்வரை காத்திருந்து, கிட்டே போய், "நான்தான் எஸ்டேட்," என்று மலாயில் சொன்னேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "இன்னொரு தடவை பேசு," என்றாள்.

"என்ன பேச?"

"என்னமாவது. உன் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லையே."

என்ன பேசுவது என்று தெரியாமல், அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள், குழந்தை குப்புற விழுகிறது என்றெல்லாம் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "சின்னக் குரல்தான்," என்றாள். "அவர் என்னவோ நீ பசாரில் கூவி விற்கிற பொம்பளை மாதிரிக் கத்துவாய் என்றார்."

அப்போதுதான் தெரிந்தது, நான் அவளைக் கேட்டது போல அவரும் என்னைக் கேட்டிருக்கிறார். கொங்சி போடுவதற்கு முந்திய அந்த வாரங்களில் அவர் காரில் என் குரல் விழும்போதெல்லாம் அவளுக்குச் சொல்வாராம். என் தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் நான் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் டாக்டருக்காக ஆங்கிலச் சொல்லில்தான் சொல்வேன். இன்றைக்கு எஸ்டேட்டில் காய்ச்சல் அதிகம், இன்றைக்குக் குறைவு என்று சொல்வாராம். "பிள்ளைகளுக்கெல்லாம் என்ன ஆச்சோ என்று ராத்திரி சாப்பிடும்போது பேசிக்கொள்வோம்," என்றாள். புகார் செய்துவிட்டோமே என்று பிறகு அவருக்கு வருத்தமாம்.

அவர் பின்கட்டிலிருந்து வந்தார். கூச்ச சுபாவம். அவர் குரலை அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன். மெதுவான குரல், அவளுடைய குரலில் பாதிகூட இல்லை. "அந்தத் திருப்பத்தில் கொசு அதிகம்," என்பதைத் தவிர அவர் அந்த மத்தியானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான்தான், "போலாம் ப்பா, டயர ஏத்தியாச்சு," என்று இழுத்து வந்தேன்.

பிறகு தோட்டத்துக்குக் கம்பி டெலிபோன் வந்தது. செட்டைக் கழற்றி ஸ்டோரில் போட்டார்கள். அதற்குப் பிறகு தோட்டத்தையே துண்டு போட்டு விற்றார்கள், லயத்து ஆட்கள் சுங்காய்க்கும் தாப்பாவுக்கும் ஈப்போவுக்குமாகப் பிரிந்து போனார்கள். எனக்குக் கல்யாணம் ஆகி ஈப்போவுக்கு வந்தேன். ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் அந்த டயர்க்கடை அக்கா அதே கிளினிக்குக்கு வந்தாள், இரத்த அழுத்தம் பார்க்க. கையில் பட்டையைச் சுற்றினேன். பேசாமல் இருங்கள் என்றேன். அவளால் முடியவில்லை.

"புதுசாக வேறு போன் வந்திருக்கிறது தெரியுமா? கையிலேயே தூக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பழைய கார் போனைத் தூக்கிப் போடச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்."

"ஏன் அக்கா?"

"புதுசு ஈப்போவுக்குள் நன்றாகப் பேசுகிறது. தாப்பா தாண்டினால் செத்துப்போகிறது. அதனால் இரண்டையும் வைத்துக்கொண்டு அலைகிறார். எதில் கூப்பிட்டால் எடுப்பார் என்று எனக்கே தெரிவதில்லை."

பட்டையில் காற்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னேன். உப்பை அல்ல, அவரைத்தான் குறைக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.